ஆறுகாணிக்குச் சத்தமில்லாத வழி

ஷெர்லின், கேட்டாய் அல்லவா, எழுதுகிறேன்.
மேப் காட்டும் வழியில் வராதே.
அது தூரத்தைத்தான் குறைக்கும்,
டாரஸ் லாரிகளை அல்ல.

வேர்க்கிளம்பியிலிருந்து ஐந்தரைக்குக் கிளம்பு.
மாத்தூர் வரை இறக்கம்தான். ஆனாலும்
இரண்டு பிரேக்கிலும் விரல் இருக்கட்டும்,
நேற்றைய மழை ரப்பர் சருகைத்
தார்மேல் சோப்பாக்கி வைத்திருக்கும்.
தொட்டிப்பாலம் தலையில் ஒரு கால்வாயைச் சுமந்தபடி
ஆற்றைத் தாண்டிக்கொண்டிருக்கும்.
நின்று பார்க்காதே. திரும்பும்போது பார்.
ஆறிப்போன கால்கள் ஏற்றத்துக்கு ஆகாது.

அருவிக்கரை தாண்டினால் ஒரு குருசடி,
பச்சை டைல்ஸ் ஒட்டியது. அங்கேயே கியரைக் குறை,
ஏற்றம் கண்ணில் படும் முன்பு.
பட்ட பிறகு மாற்றினால் செயின் கத்தும்.
என்னுடையது கத்தியது,
மூன்று வீட்டு நாய்கள் பதில் சொல்லின.

திற்பரப்பில் அருவி கூப்பிடும். போகாதே.
ஞாயிறு ஏழு மணிக்கே வேன்கள்,
எண்ணெய் வழியும் ஆண்கள், பழம்பொரி.

களியலுக்கு அப்புறம் பேச்சு குறையும்.
வரிசை வரிசையாய் மரங்கள்,
ஒவ்வொன்றின் இடுப்பிலும் ஒரு சிரட்டை,
மழைக்குக் கட்டிய பிளாஸ்டிக் பாவாடை.
ஒட்டுப்பால் நாற்றம் முதலில் குமட்டும்,
நாலாவது வளைவில் பழகும்,
ஏழாவதில்
அதைத்தான் மூச்சென்று இழுத்துக்கொண்டிருப்பாய்.

ஒன்றை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.
லாரி இல்லாத வழியைக் கண்டுபிடிக்க
எனக்கு இரண்டு ஞாயிறு போதுமாயிருந்தது.
கேள்வி இல்லாத வழிக்கு
ஒரு வருஷம் ஆயிற்று.

ஒத்தைக்கா வந்திய?
வண்டி சீத்தையாப் போச்சா?
பஸ்ஸ விட்டிட்டியளா?
வீட்டுல ஆம்பிளைய இல்லியா?

கடையாலுமூட்டில் கட்டன் சாயா ஆற்றியவர்
கிளாஸை நீட்டாமல் கொஞ்சநேரம் யோசித்தார்.
நேர்ச்சையா பிள்ளே, என்றார்.
ஆமா என்றேன்.
அன்று முதல் அந்தக் கடையில் மட்டும்
ஒருவரும் எதையும் கேட்பதில்லை,
பெஞ்சில் இடம் விடுகிறார்கள்.
யாருக்கு நேர்ந்தேன் என்று
நானும் இதுவரை யோசிக்கவில்லை.
நீயும் அதையே சொல்.
சாயாவுக்குக் காசு வாங்கமாட்டார்,
பழத்துக்கு வாங்குவார்.

ஆலஞ்சோலை ஏற்றத்தில் நான் இறங்கித் தள்ளுவேன்.
இருபத்தொரு கியரும் அங்கே வெறும் பல்தான்.
பால் எடுத்துத் திரும்பிய ஒருவர்,
நெற்றியில் அணைத்த விளக்கு, கைக்கொரு வாளி,
என்னை நடந்தே முந்தினார்
துளி சிந்தாமல்.
அவருக்கு வழி விட்டபோதுதான் பார்த்தேன்,
மிளகுக்கொடிக்குப் பின்னால்
மலை திடீரென்று முடிந்து வானமாகிறது.
படம் எடுத்தேன். படத்தில் அது இல்லை.

இன்னும் இரண்டு வளைவு.
ஓட்டு ஷெட்டின் முன்னால்
கம்பியில் ரப்பர் ஷீட் காயப்போடுகிற பெண் ஒருத்தி.
முழங்கை வரை ஆசிட் தழும்பு. பெயர் தெரியாது.
முதல் தடவை அவளைக் கண்டதும்
நேர்ச்சை, பஸ், அண்ணன் பின்னாலே வாறான் என்று
எல்லாப் பதிலையும் வாய்க்குள் அடுக்கிக்கொண்டேன்.
அவள் என்னைப் பார்க்கவேயில்லை.
டயரைப் பார்த்தாள்.

பொறத்த வீலுல காத்து கொறவு, என்றாள்.
உள்ளே போய்ப் பம்பு எடுத்துவந்து
சுவரில் சாய்த்துவிட்டு
அடுத்த ஷீட்டை உதறினாள்.

அடித்தேன். முப்பது, நாற்பது,
எண்ணிக்கை தவறி மறுபடி ஒன்று.
பம்பின் சத்தமும் ஷீட்டின் சத்தமும் மாறி மாறி.
வேறொன்றும் நடக்கவில்லை.
இதற்குத்தான் அத்தனை மைல் என்று
உன்னிடம் எப்படிச் சொல்வது தெரியவில்லை.

மாற்று டியூப் ஒன்று எடுத்துக்கொள்.
உப்பிட்ட எலுமிச்சைத் தண்ணீர் இரண்டு பாட்டில்.
முதல் வளைவு நாய்க்கு நாலு பிஸ்கட்.
மழைக்கோட்டு உன் இஷ்டம்.

பம்பு கொண்டுவராதே.